கற்றல் குறைபாட்டை மூன்றாம் வகுப்பிலேயே பார்க்கச் சொல்கிறது சட்டம். பத்தாம் வகுப்பு வரட்டும் என்கிறது பள்ளி

பதிவு 1 – நொய்யல்கரை

எல்லோருக்கும் வணக்கம். பல்லடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டோடு சேர்த்து எட்டுத் தறி ஓட்டுகிறோம். மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எட்டுத் தறியும் ஓடும்போது எதில் பாவு நூல் அறுந்தது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவான். அறிவியல் பாடத்தை நான் ஒரு முறை வாசித்துக் காட்டினால் போதும், மறுநாள் காரண காரியத்தோடு திருப்பிச் சொல்வான். அதே புத்தகத்தை அவன் கையில் கொடுத்தால் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. போன வாரம் ஒரு பத்தியில் "பருத்தி" என்று வந்தது. விரலை வைத்தான். "பரு... பருப்பு" என்றான். இல்லை சாமி, நன்றாகப் பார் என்றேன். எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சரியாகச் சொன்னான். மூன்று வரி தள்ளி அதே சொல் மறுபடி வந்தது. முன்பின் பார்த்திராத சொல்லைப் போல மறுபடியும் முதலிலிருந்து கூட்டினான். பிறந்ததிலிருந்து பருத்தி நூலுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை.

மூன்றாம் வகுப்பிலேயே டீச்சரிடம் கேட்டேன். ஆண் பிள்ளைகள் மெதுவாகத்தான் வருவார்கள் என்றார். ஐந்தாம் வகுப்பில் "மெல்லக் கற்கும் மாணவர்" பட்டியலில் சேர்த்தார்கள். போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் புதிதாக வந்த வகுப்பாசிரியர்தான் டிஸ்லெக்ஸியாவாக, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்று சொன்னார். அவருக்கு என் நன்றி. ஆனால் கூடவே, "இப்போது அவசரமில்லை, பத்தாம் வகுப்பு வரும்போது சான்றிதழ் வாங்கிவிட்டால் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்" என்றும் சொன்னார்.

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஐந்து வருடம் ஏற்கெனவே போய்விட்டது. இன்னும் இரண்டு வருடம் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? இதைக் கண்டுபிடிப்பது யாருடைய வேலை? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 – கூடுதுறை

அக்கா, நான் பவானியில் வழக்கறிஞராக இருக்கிறேன். உங்கள் கேள்விக்குச் சட்டத்தில் நேரடியான பதில் இருக்கிறது.

1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016-இல் வந்த புதிய சட்டம் பட்டியலை 21 ஆக உயர்த்தியது. 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற தலைப்பில் டிஸ்லெக்ஸியா, எழுதுவதில் வரும் டிஸ்கிராஃபியா, கணக்கில் வரும் டிஸ்கால்குலியா எல்லாம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன.

அந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு கல்வி நிறுவனங்களின் கடமைகளைச் சொல்கிறது. குழந்தைகளிடம் உள்ள கற்றல் குறைபாடுகளை முடிந்தவரை விரைவாகக் கண்டறிந்து, கற்பிக்கும் முறையிலும் மற்ற வகையிலும் தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. கண்டறிந்தால் போதும் என்று சட்டம் நிறுத்தவில்லை. கண்டறிதலும் கற்பித்தலும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. தேர்வுச் சலுகை வேறு பிரிவில், 17-இல் வருகிறது. உங்கள் பள்ளி 17-ஐ மட்டும் கேள்விப்பட்டிருக்கிறது. 16 அவர்கள் காதுக்கே போகவில்லை.

எப்போது கண்டறிய வேண்டும் என்பதற்கும் விடை உண்டு. மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டியில், மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயது, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆசிரியரே முதற்கட்டமாகப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி எதுவானாலும் தலைமை ஆசிரியர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும். ஆசிரியர் சந்தேகப்படும் குழந்தையை அந்தக் குழு பார்த்து மருத்துவ மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் மூன்றாம் வகுப்பில் கேட்டது மிகச் சரியான நேரத்தில். (மதிப்பீட்டு வழிகாட்டிகள் 2024 மார்ச்சில் திருத்தப்பட்டிருக்கின்றன. சான்றிதழுக்குப் போகும்போது அந்தப் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இன்னொன்று. பள்ளி மாணவர்களிடையே ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கணக்கெடுப்பு நடத்த வேண்டும், முதல் கணக்கெடுப்பு சட்டம் நடப்புக்கு வந்த இரண்டு ஆண்டுக்குள் முடிய வேண்டும் என்றும் 17-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கெடு 2019 ஏப்ரலோடு முடிந்தது. உங்கள் மகன் பள்ளிக்கூடத்தில் காலடி வைப்பதற்கு முன்பே இவ்வளவும் எழுத்தில் இருந்தன என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

பதிவு 3 – சத்தி ஆசிரியர்

கூடுதுறை தம்பி சொன்னது சரி. வகுப்பறைக்குள்ளிருந்து பார்த்தால் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சத்தியமங்கலம் பக்கம் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் நான். இருபத்திரண்டு வருடப் பணி.

2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறோம். நல்ல திட்டம். ஆனால் ஒரு குழந்தை இரண்டு வருடமாக அரும்பிலேயே இருந்தால் ஏன் என்று கேட்க அதில் எனக்கு வழி காட்டப்படவில்லை. காரணங்கள் பல. கொரோனாவில் பள்ளி மூடியிருந்த காலத்தில் எழுத்தே பழகாத பிள்ளைகள் வந்தார்கள். தாளவாடி மலையிலிருந்து இறங்கி வரும் குழந்தைக்கு வீட்டில் கன்னடம். திருப்பூர்ப் பக்கம் வேலை பார்க்கும் நண்பரின் வகுப்பில் ஒடிய மொழியும் இந்தியும் பேசும் குழந்தைகள் பாதிக்குப் பாதி. இவர்களில் யார் தமிழ் தெரியாததால் தடுமாறுகிறார், யார் எந்த மொழியில் கொடுத்தாலும் தடுமாறுவார் என்று எப்படிப் பிரிப்பது? இரண்டு பேருமே என் முன்னால் ஒரே மாதிரிதான் விழிக்கிறார்கள்.

நலம் நாடி செயலியில் ஒவ்வொரு குழந்தைக்கும் கேள்விகளுக்கு விடை குறிக்கிறோம். பார்வைக் குறைபாடு, கை கால் குறைபாடு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கற்றல் குறைபாட்டுக் கேள்வி வரும்போது கை நின்றுவிடுகிறது. தவறாக "ஆம்" என்று குறித்துவிட்டால் ஒரு குழந்தையின் மேல் முத்திரை குத்தியவன் ஆவேன். "இல்லை" என்று குறித்தால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. பல வருடம் "இல்லை" என்றே குறித்திருக்கிறேன். அதில் நொய்யல்கரை அம்மாவின் பிள்ளையைப் போல எத்தனை பேர் போனார்களோ என்று இதைப் படித்ததிலிருந்து நெஞ்சு கனக்கிறது.

என் ஆசிரியர் பயிற்சியில் டிஸ்லெக்ஸியா பற்றி ஒரு வகுப்புகூட நடக்கவில்லை. சட்டம் எங்கள் மேல் கடமையை வைத்தது. கடமையைச் செய்யக் கற்றுக்கொடுத்தது யார்?

பதிவு 4 – காங்கயம் தோட்டம்

எல்லோரும் கண்டுபிடி, கண்டுபிடி என்கிறீர்கள். கண்டுபிடித்த பிறகு நடப்பதை யாரும் சொல்லவில்லை. என் தங்கை மகளுக்குச் சான்றிதழ் வாங்கப் போனபோது, அதன் தலைப்பிலேயே ஊனம் என்ற பொருளில் ஒரு சொல் இருந்ததைப் பார்த்துவிட்டு எங்கள் ஆத்தா மூன்று நாள் சாப்பிடவில்லை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்றார். கைகால் நன்றாக இருக்கும், அறிவாகப் பேசும் பெண்ணுக்கு இந்தப் பெயர் தேவையா? மெதுவாகப் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும். எங்கள் அப்பாரு எழுதப் படிக்கத் தெரியாமலே நாற்பது ஏக்கர் பார்த்தவர்.

பதிவு 5 – பனியன் ஊர்

காங்கயம் அண்ணாவுக்கு என் கதையைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் தட்டச்சு செய்கிறாள்.

திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் நான். நாற்பத்து மூன்று வயது. பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் தோல்வி. தமிழில் தட்டுத் தடுமாறித் தேறினேன். அந்தக் காலத்தில் எனக்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? மண்டு என்றார்கள். சோம்பேறி என்றார்கள். தமிழ் வகுப்பில் வரிசையாக எழுந்து ஆளுக்கொரு பத்தி வாசிக்க வேண்டும். எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, என் பத்தி எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் பக்கத்துப் பையனிடம் கேட்டு மனப்பாடம் செய்வேன். நடுவில் ஒருவன் அன்று விடுப்பு என்றால் கணக்குத் தவறிவிடும். அப்படித் தவறிய நாள்களின் அடி இன்னும் நினைவில் இருக்கிறது.

இன்றைக்கு நாலு அடுக்கு, நாற்பது அடுக்கு துணி என்றாலும் மார்க்கர் போட்டு வீணில்லாமல் வெட்டுவேன். அளவுத் தாளில் எந்தக் கட்டத்தில் மார்பளவு, எந்தக் கட்டத்தில் கை நீளம் என்பதை இடத்தை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். புது கம்பெனித் தாள் வந்தால் கட்டம் மாறியிருக்கும். அன்றைக்கு வயிற்றைக் கலக்கும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்த பிறகுதான் முதலாளியிடம் தலை நிமிர்ந்து பதில் சொல்கிறேன்.

எனக்கு இருந்தது என்ன என்று இரண்டு வருடம் முன்பு, என் இளைய மகனைப் பரிசோதித்த அம்மையார் சொல்லித்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தப் பெயர் எனக்குப் பத்து வயதில் கிடைத்திருந்தால் மண்டு என்ற பெயர் ஒட்டியிருக்காது அண்ணா. உங்கள் தங்கை மகளை இழுத்தடிக்காதீர்கள்.

பதிவு 6 – அமராவதி

தாராபுரம் பக்கம் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில், கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளுக்கு உதவும், ஒப்பந்த அடிப்படையிலான சிறப்புப் பயிற்றுநராக வேலை செய்கிறேன். பனியன் ஊர் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

சத்தி ஐயா கேட்ட கேள்விதான் இந்தத் துறையிலேயே கடினமான கேள்வி. என் அனுபவத்தில் உதவிய சிலவற்றைச் சொல்கிறேன்.

ண, ன, ந குழப்பத்தையும் ல, ள, ழ குழப்பத்தையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லாப் பிள்ளைகளும் செய்வார்கள், பெரியவர்களும் செய்கிறோம். தமிழில் எழுத்தும் ஒலியும் ஓரளவு ஒட்டிப் போவதால், டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தைகூடக் கூட்டிக் கூட்டிச் சரியாக வாசித்துவிடும். பிழை குறைவாக இருக்கும், நேரம் மட்டும் மிக அதிகமாக எடுக்கும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை சீக்கிரமே மாட்டிக்கொள்வதும் தமிழ் வழிப் பிள்ளை ஏழாம், எட்டாம் வகுப்பு வரை மறைந்திருப்பதும் இதனால்தான். ஆகவே கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். கொக்கு, கோழி போன்ற சொற்களில் கவனம் வையுங்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வருகிறது, கால் பின்னால் வருகிறது, ஒலியோ ஒன்று. சில குழந்தைகள் மூன்றாம் வகுப்பு முடிந்த பிறகும் அதைத் துண்டு துண்டாகத்தான் பார்க்கும். பிறகு, நொய்யல்கரை அக்கா சொன்ன "பருத்தி". ஒரே பக்கத்தில் மூன்றாம் முறை வரும் சொல்லும் புதுச் சொல்லாகவே இருக்கிறது என்றால் அது பெரிய அறிகுறி.

வேற்றுமொழிக் குழந்தைக்கு ஒரு வழி. வீட்டு மொழி தெரிந்த ஒருவரை வைத்து ஒரு கதையைச் சொல்லச் சொல்லுங்கள், எதுகை போன்ற ஒலி விளையாட்டு ஆடச் சொல்லுங்கள், ஒரு சொல்லில் முதல் ஒலியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று கேளுங்கள். தன் மொழியில் இவையெல்லாம் எளிதாக வந்தால் தடை பெரும்பாலும் தமிழ் பழகாததுதான்.

மருத்துவ மதிப்பீட்டில் முதலில் கண்ணும் காதும் பார்ப்பார்கள், குழந்தை நல மருத்துவர் பார்ப்பார். பிறகு உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனை செய்வார். அதன் பிறகுதான் வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகள். 2018 வழிகாட்டி இதற்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைச் சொல்கிறது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய டாலி என்ற சோதனை முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் நான்கில்தான் வந்தது. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையை ஆங்கிலப் பத்தி கொடுத்துச் சோதித்த அறிக்கைகளை என் கையாலேயே வாங்கியிருக்கிறேன். அப்படி நடந்தால் பெற்றோர் மறுத்துச் சொல்ல வேண்டும். பிள்ளை எந்த மொழியில் படிக்கிறதோ அந்த மொழியில் வாசிக்கக் கேட்பதுதான் நியாயம்.

மிக முக்கியமானது, சொல்லிக்கொடுக்கச் சான்றிதழ் தேவையில்லை. ஒலியையும் எழுத்தையும் இணைத்துப் படிப்படியாகப் பழக்குவது, ஒரே பத்தியை நாலைந்து நாள் திரும்ப வாசிக்க வைப்பது, வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொல்லாமல் இருப்பது, வாய்மொழியாக விடை கேட்பது, இதற்கெல்லாம் எந்த மருத்துவரின் கையெழுத்தும் வேண்டாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் பல வருடங்களாக ஆசிரியர்களுக்கு இதைப் பயிற்றுவித்து வருகிறது. அதுபோல் கோவையிலும் ஈரோட்டிலும் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

பதிவு 7 – கொல்லிமலை அடிவாரம்

நாமக்கல் பக்கம் தனியார் விடுதிப் பள்ளிகளில் பத்து வருடம் கணக்கு நடத்தினேன். எங்கே என்று சொல்ல வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி என்பதால் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் நகர்ந்து நகர்ந்து வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, "வேறு பள்ளி பாருங்கள்" என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுப்பார்கள். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் கெடக் கூடாது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பையன் மனக்கணக்கில் என்னையே முந்துவான். விடைத்தாளில் கேள்வியையே வாசிக்க மாட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். இப்போது அந்த வேலையை விட்டுவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

எல்லோரும் தேர்ச்சி என்பதை நான் குறை சொல்லவில்லை. ஒரு குழந்தையைத் தோற்கடித்து வெளியேற்றுவதைவிட அது நூறு மடங்கு மேல். ஆனால் தேர்ச்சி போட்டு அனுப்பும்போது வாசிக்கிறானா என்று யாராவது பார்த்திருக்க வேண்டாமா? தனியார் பள்ளிக்கு இந்தச் சட்டம் பொருந்துமா தம்பி?

பதிவு 8 – கூடுதுறை

பொருந்தும் ஐயா. அரசு நிதி பெறும் பள்ளி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி இரண்டையும் 16-ஆம் பிரிவு சேர்த்தே சொல்கிறது. அங்கீகாரம் இல்லாமல் பொதுத் தேர்வுக்கு மாணவரை அனுப்ப முடியாது. சட்டத்தை மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை என்று 89-ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.

சட்டத்தின் ஓட்டைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். 16-ஆம் பிரிவின் தொடக்கம், பள்ளிகள் இவற்றைச் செய்யும்படி அரசு "முயல வேண்டும்" என்றுதான் தொடங்குகிறது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நழுவ முடியும். ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது பற்றிய பகுதியில் சைகை மொழி, பிரெய்ல், அறிவுசார் குறைபாடு ஆகியவை பெயர் சொல்லி வருகின்றன. கற்றல் குறைபாடு வரவில்லை. சத்தி ஐயா கேட்ட கேள்விக்கு விடை அங்கே விடுபட்டுப் போயிருக்கிறது. மூன்றாம் மொழி விலக்கு என்ற சலுகை, 1968 முதல் இருமொழிக் கொள்கை உள்ள நம் மாநில அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு எதையும் தருவதில்லை.

சான்றிதழில் குறைபாடு நாற்பது விழுக்காடாவது இருக்க வேண்டும் என்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயர்கல்வியில் ஐந்து விழுக்காடு, அரசு வேலையில் நான்கு விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்குத்தான் அந்த அளவுகோல். பள்ளி கண்டறிந்து உதவ வேண்டும் என்ற கடமைக்கு அது தேவையே இல்லை. சொல்வதை எழுதுபவர் வசதியைக்கூட நாற்பது விழுக்காட்டோடு கட்டிப்போடக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் நவம்பரில், நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் மறுக்கப்பட்ட, டிஸ்கிராஃபியா உள்ள மாணவியின் வழக்கு வந்தது. மறுதேர்வு கிடைக்கவில்லை. ஆனால் அவருக்கு நடந்தது அநீதி என்று கூறி, அதைச் சரிசெய்யும் வழியைத் தேர்வு முகமை பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

நொய்யல்கரை அக்கா, தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். 16-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். பள்ளிக் குழு பார்க்க வேண்டும், வட்டார வள மையத்துக்கு அனுப்ப வேண்டும், அதுவரை வகுப்பில் செய்யும் உதவியை எழுத்தில் தர வேண்டும் என்று கேளுங்கள். சண்டைக்குப் போகும் குரல் வேண்டாம். நகலில் தேதியோடு கையெழுத்து மட்டும் வாங்கிவிடுங்கள்.

பதிவு 9 – காங்கயம் தோட்டம்

பனியன் ஊர் தம்பி எழுதியதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். பக்கத்திலிருந்து ஆத்தாவும் கேட்டுக்கொண்டிருந்தார். நேற்று அவரே, "அந்தக் காகிதத்தைப் பத்திரமாக எடுத்து வை" என்றார். அமராவதி அம்மா, வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று பள்ளியில் கேட்க முடியும் என்பதே எங்களுக்குத் தெரியாது. திங்கட்கிழமை போய்க் கேட்கிறோம்.

பதிவு 10 – நொய்யல்கரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கடிதம் கொடுத்தேன். தலைமை ஆசிரியர் முதலில் முகம் சுளித்தார். வகுப்பாசிரியர் கூடவே நின்று பேசினார். நகலில் கையெழுத்துக் கிடைத்தது. கண் பரிசோதனையில் கோளாறு எதுவுமில்லை. காதுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. வட்டார வள மையத்திலிருந்து ஒரு அம்மையார் வந்து பார்த்துவிட்டு, மருத்துவ முகாம் நடக்கும் நாளைச் சொல்கிறேன் என்று என் எண்ணை வாங்கிப் போயிருக்கிறார்.

வீட்டில் அமராவதி அம்மா சொன்னதுபோல் ஒரே பத்தியை ஐந்து நாள் வாசிக்கிறோம். தறி நிறுத்திய பிறகு இரவு எட்டரை மணிக்கு உட்காருவோம். முதல் பத்திக்குத் தொடக்கத்தில் இரண்டே முக்கால் நிமிடம் ஆனது. ஐந்தாம் நாள் ஒன்றே முக்காலில் முடித்தான். புதுப் பத்தி என்றால் மறுபடி ஏறிவிடுகிறது, ஆனாலும் உள்ளங்கை வேர்ப்பது குறைந்திருக்கிறது.

கடிதத்தில் என்ன எழுதினாய் என்று கேட்டான். வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் தார்க்குச்சியை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு, "எங்கள் வகுப்பில் இன்னும் இரண்டு பேர் என்னைப் போலவே வாசிக்கிறார்கள் அம்மா, அவர்கள் பெயரையும் எழுது" என்றான். அந்த இரண்டு அம்மாக்களையும் நேற்றுப் போய்ப் பார்த்தேன். ஒருவர் உடனே சரி என்றார். இன்னொருவர் கணவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

கூடுதுறை தம்பி, மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கடிதமாகக் கொடுக்கலாமா?

பதிவு 11 – கூடுதுறை

தனித்தனியாகக் கொடுங்கள் அக்கா. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கடிதம், ஒவ்வொன்றின் நகலிலும் தேதியோடு கையெழுத்து. சனிக்கிழமை பல்லடம் வழியாகத்தான் போகிறேன். அந்த இரண்டாவது அம்மாவின் கணவரிடமும் பேச வேண்டுமானால் சொல்லுங்கள், வந்து பேசுகிறேன்.